அறப்போர் மரபும் விண்வெளி விளையாட்டின் போர்நெறியும்

போர் என்பது நெறியின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று கருதுவார் உளர். பண்டைத் தமிழர் அவ்வாறு கருதிற்றிலர். காதல் வாழ்விற்குத் திணையும் துறையும் வகுத்தாற் போலவே போருக்கும் அவர் வகுத்தனர். போர் எவ்வாறு தொடங்கற்பாலது, யாவரை விலக்கி நிகழற்பாலது, எவ்விடத்துப் படையை மடக்குதல் வேண்டும் என்னும் வினாக்கள் புறத்திணையின் அடியில் என்றும் கிடக்கின்றன. தொல்காப்பியப் புறத்திணையியலும், ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும், சங்கப் புறப்பாடல்களும் இவ்வினாக்களுக்கு விடை தேடிய நூல்கள் எனலாம்.

அவ்வினாக்களே இன்று எதிர்பாராததோர் இடத்தில் மீண்டும் எழுந்துள்ளன. இணையத்தின் வாயிலாகப் பல நாட்டாரும் ஒருங்கே கூடி ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டுக்களையே குறிக்கின்றோம். இவற்றில் ஆடுநர் குழுக்களாகத் திரண்டு, நேரிய போர் இன்னது, நேர்மையற்ற போர் இன்னது எனத் தமக்குள் விதி வகுத்துக்கொள்கின்றனர். தமிழாராய்ச்சி செய்வார்க்கு இதனால் ஆவதென்னை எனின், கூறுதும். புறத்திணையியலைப் பயிலும் மாணவர் பலர், அதன் துறைகளை வெறும் புலவர் கற்பனை என்று தள்ளிவிடுதலை யாம் கண்டுள்ளோம். வேந்தனும் சட்டமும் வற்புறுத்தாத இடத்திலும் போரிடுவார் தாமே நெறி வகுத்துக்கொள்ளும் இயல்பை உயிருள்ள சான்று கொண்டு காணுதல், அவ்வையத்தை ஓரளவு போக்கும் என்பது எம் கருத்து.

முதற்கண் அவ்விளையாட்டின் இயல்பைச் சுருங்க உரைப்போம். ஐசுலாந்து நாட்டுச் சிசிபி என்னும் நிறுவனம் 2003 மே திங்களில் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டிலங்கள் அடங்கிய ஒரே உலகில் ஆடுநர் அனைவரும் உலவுவர், கனிமம் தோண்டுவர், வாணிகம் செய்வர், கலம் கட்டுவர், போரிடுவர். போரில் அழிந்த கலம் அழிந்ததே, மீளாது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் ஒழியும். ஆகவே இதனைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கூறி ஒதுக்குதல் இயலாது. 2014 சனவரி 27, 28 ஆகிய நாள்களில் இவ்வுலகின் ஒரு மண்டிலத்தில் ஏறத்தாழ 21 மணி நேரம் நிகழ்ந்த பெரும்போரில் 7000-க்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர்; ‘டைட்டன்’ எனப்படும் மாபெருங் கலங்கள் 75 அழிந்தன. அம்மண்டிலத்தின் உரிமைக்குரிய கட்டணம் உரிய காலத்திற் செலுத்தப்படாமையே அப்போருக்கு வாயிலாயிற்று என்பர். திறை கொடாமையால் எழுந்த போர் பலவற்றைப் பதிற்றுப்பத்திற் படித்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவ்வுலகில் எங்கும் ஒரே வகையான காவல் இல்லை. காவல் மிக்க பகுதியில் ஒருவன் மற்றொருவனை முறையின்றித் தாக்கின், ‘கான்கார்டு’ என்னும் காவற்படை தோன்றித் தாக்கியவன் கலத்தை அழிக்கும். அது தாக்குதலைத் தடுப்பதில்லை, தாக்கியவனை ஒறுப்பதே செய்யும். காவல் குறைந்த பகுதியில் அப்படை வாராது. காவலே இல்லாத பகுதியில் ஆடுநர் குழுக்களே வேந்தர். ஆராய்ச்சிக்குரிய செய்தி யாதெனின், காவலற்ற இக்கடைப்பகுதியிலும் நெறிகள் தோன்றியமையே.

இனி ஒப்புமைக்கு வருவோம். அறிவித்துப் போர் தொடங்குதல் தமிழ் மரபின் முதல் நெறி. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டு இதற்குப் பெருஞ்சான்று. ஆவும், பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையாரும், தென்புலத்தார்க்குக் கடன் ஆற்றும் புதல்வரைப் பெறாதாரும் அரண் தேடிக்கொள்க எனப் போர்க்கு முன் அறிவிக்கும் அறத்தாறு அப்பாட்டிற் போற்றப்படுகின்றது. ‘ஈவ்’ விளையாட்டில், காவல் மிக்க பகுதியில் ஒரு குழு மற்றொரு குழுவின்மேற் போர் தொடுக்க விரும்பின், முறைப்படி போர் அறிவித்தல் வேண்டும். அறிவித்து 24 மணி நேரம் கழிந்த பின்னரே தாக்குதல் முறையாகும். அவ்வொரு நாளில் போர் விரும்பாதார் தம் பொருளை ஒதுக்கிக் கொள்ளலாம். குழுவினின்று நீங்கியும் செல்லலாம். புதிதாக ஆடத் தொடங்குவார் முதலில் வந்திறங்கும் மண்டிலங்களில் அவரைத் துன்புறுத்துதல் நிறுவனத்தாலேயே விலக்கப்பட்டுள்ளது. முதுகுடுமி விலக்கிய ஐவகையாரும், விளையாட்டு விலக்கிய புதியோரும் ஒரே காரணம் பற்றி விலக்கப்பட்டனர். அவர் போருக்கு இசைந்தவர் அல்லர்.

இசைவு என்னும் இக்கருத்தே தும்பைத் திணையின் உயிர்நிலை என்று யாம் கருதுகின்றோம். மண்ணாசையால் எழுவது வஞ்சி. அரணை முற்றுவது உழிஞை. தும்பையோ, தன் வலிமையை நிலைநாட்டுதலையே நோக்கமாகக் கொண்டு வந்த வேந்தனை எதிர்சென்று அழிப்பது எனத் தொல்காப்பியர் வகுத்தார். இருதிறத்தாரும் ஒருபெற்றியே போரை விரும்பிக் களத்தில் நிற்கும் நிலை அது. விளையாட்டுக் குழுக்கள் தமக்குள் ஒத்த கலங்களோடு, குறித்த இடத்தில், குறித்த பொழுதில் ஒருவனோடு ஒருவன் பொருதற்கு ஏற்பாடு செய்துகொள்வது தும்பையின் பாற்படும். வழியிற் செல்லும் வணிகன் கலத்தைப் பதுங்கியிருந்து தாக்குதல் தும்பையாகாது. அதனை வெட்சியின் ஒருபுடை எனலாம்.

வெட்சியைப் பற்றி ஈண்டுச் சிறிது விரித்தல் தகும். பகைவர் ஆநிரையைக் களவினாற் கவர்வது வெட்சி. களவு அறமாமோ என்னும் வினா உரையாசிரியரை வருத்தியுள்ளது. ஆக்கள் மாந்தர் போல அறிவிப்பை உணரமாட்டா. ஆகவே போரில் அவை ஊறுபடாவண்ணம் தாமே கவர்ந்து வந்து காத்தல் அறம் என நச்சினார்க்கினியர் அமைதி காட்டுவர். தொல்காப்பியர் ‘ஓம்பல்’ என்னும் சொல்லை அவ்விடத்து வைத்தமை அவ்வுரைக்கு அரணாகும். கவர்ந்த நிரையை நோவின்றிச் செலுத்துதலும் ‘நோயின்று உய்த்தல்’ எனத் தனித் துறையாயிற்று. எனினும், நிரை அக்காலத்துச் செல்வம் என்பதை மறத்தலாகாது. கவர்ந்ததைப் பங்கிடுதற்குப் ‘பாதீடு’ என்றொரு துறையும், அந்நிரையை விற்றுக் கள்ளுண்டு களித்தற்கு ‘உண்டாட்டு’ என்றொரு துறையும் உள. காப்பதற்கே கவர்ந்தார் என்பது உண்மையில் ஒரு பாதியே. தொல்காப்பியர் இரண்டு பாதியையும் மறையாது துறையாக்கினார் என்பதே அவர் நேர்மை. ‘ஊர்கொலை’ என்னும் துறையையும் அவர் அவ்வெட்சியிலேயே வைத்தார்.

இவ்விடத்து ஒரு கடிய தடை எழுகின்றது. அதனைத் தாண்டிச் செல்லுதல் ஆராய்ச்சி ஆகாது. ஆவும் பெண்டிரும் அரண் தேடுக என அறிவித்த அதே முதுகுடுமியை, அதே நெட்டிமையார், பகைவர் ஊரிற் கழுதை ஏர் பூட்டிப் பாழ்செய்தவன் எனப் பதினைந்தாம் பாட்டிற் புகழ்ந்துள்ளார். விளைவயலிற் குதிரைத் தேர் செலுத்தியதும், காவற்குளத்தில் யானையைப் படிவித்ததும் ஆங்குப் பேசப்படுகின்றன. அங்ஙனமாயின் ஒன்பதாம் பாட்டின் அறம் வெறும் அணிதானோ? இரு பாட்டும் ஒருவர் பாடியன; ஒருவன் மேலன. புலவர் தம்முள் மாறுகொண்டார் எனல் பொருந்தாது.

எம் கருத்து இது. பண்டை நெறி காத்தது பகைவன் உடைமையை அன்று. போருக்கு இசையாதார் உயிரை. மாற்றான் வயலும் குளமும் மதிலும் போர்ப்பொருள் ஆயின. அவற்றை அழித்தல் வென்றோன் உரிமை எனக் கொள்ளப்பட்டது. பிணியாளனும் பெண்ணும் போர்ப்பொருள் ஆகார். இக்கோடு எமக்கு இன்று மிகக் குறுகியதாகத் தோன்றலாம். நிலத்தை அழித்தால் அந்நிலத்து வாழ்வார் உய்வது எங்ஙனம் என்று கேட்கலாம். கேட்க வேண்டுவதும் அதுவே. ஆயினும் குறுகிய கோடும் கோடே. காவலற்ற விண்வெளிப் பகுதியிலும் இத்தகைய குறுகிய கோடுகளையே காண்கின்றோம்: பகைக்குழுவின் நிலையங்களை அழிப்பர், அதனைக் குற்றமென யாரும் கூறார். ஆனால் பணயப் பொருள் பெற்றுக்கொண்டு, விடுவேன் என்று வாக்களித்த பின்னும் அக்கலத்தை அழித்தவனைக் கொள்ளைக் குழுவினருள்ளும் சிலர் இழிவாக நோக்குவர்.

அடையாளம் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. சேரர்க்குப் பனையும், பாண்டியர்க்கு வேம்பும், சோழர்க்கு ஆரும் அடையாளப் பூவாயின. நெருங்கிய போரில் தம்மவர் யார், மாற்றார் யார் என அறிதற்கே பூச்சூடினர் என்பது வெளிப்படை. ‘ஈவ்’ விளையாட்டில் நட்புக் குழுவினர் நீல நிறக் குறியோடும், பகைவர் சிவப்புக் குறியோடும் திரையில் தோன்றுவர். இரண்டுமில்லாத அயலாரை என் செய்வது? நீலம் அல்லாதாரை எல்லாம் சுடுக என்பது ஒரு கொள்கை. சிவப்பு அல்லாதாரைச் சுடற்க என்பது மற்றொரு கொள்கை. முன்னையதே பெரும்பாலார் கைக்கொள்வது. பின்னையதைப் ‘பிராவிடன்சு’ என்னும் பகுதியை ஆண்ட ஒரு கூட்டணி நெடுங்காலம் கடைப்பிடித்துப் பெயர்பெற்றது. அயலானைப் பகைவனாகக் கொள்வதா, பகைமை மெய்ப்படும்வரை வழிப்போக்கனாகக் கொள்வதா என்பதே இரண்டிற்கும் வேற்றுமை. உறையூரை முற்றிய நலங்கிள்ளியையும், அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் கோவூர்கிழார் இடைநின்று விலக்கியபோது, எடுத்த வாதம் பூவின் வழிப்பட்டதே. இருவர் கண்ணியும் ஆர். யார் தோற்பினும் தோற்பது சோழர் குடி என்றார் அவர். ஒரே நிறக் குறியுடையார் தம்முள் பொருதல் நெறியன்று என்பதனை இதனினும் தெளிய உரைத்தார் இலர்.

இதுகாறும் இரு மரபும் ஒத்துச் சென்றன. ஓடுவான் செய்தியில் அவை பிரிகின்றன. புறங்கொடுத்து ஓடுவார்மேற் படை ஓச்சாமை தமிழ்மறவர் நெறி. புறப்பொருள் வெண்பாமாலை இதனைத் ‘தழிஞ்சி’ என்னும் துறையாக வகுத்தது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம், பகைவனுக்கு இடர் வந்தவிடத்து உதவுதலை ஆண்மையின் கூர்மை என ஒரு படி மேலே கொண்டு சென்றது. ஆனால் ஓடியவனுக்கு உயிர் எஞ்சினும் மானம் எஞ்சாது. கரிகாலனோடு வெண்ணியிற் பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் ஓடினான் அல்லன். மார்பில் எய்த படை முதுகிலும் புண் செய்தது. அதற்கே நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். தழிஞ்சி என்னும் இரக்கம் நிலைபெற்றது, புறப்புண் என்னும் நாணம் எதிர்நின்றமையால். ஓடுதல் எளிதாகும் இடத்து ஓடுவானை விடுதல் அறமாக நில்லாது.

விண்வெளி விளையாட்டு இதனை மறுதலையாகக் காட்டுகின்றது. 2014-இல் வெளிவந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ என்னும் விளையாட்டில், தோற்கும் நிலை எய்தியவன் கணிப்பொறியின் இணைப்பைத் திடீரென அறுத்துவிடின் அவன் கலம் களத்தினின்று மறைந்துபோம். அடித்தவனுக்கு வெற்றியில்லை, தப்பியவனுக்கு இழப்பில்லை. இவ்விணைப்பறுத்தலை அந்நிறுவனம் குற்றமாக விலக்கியுள்ளது. ஆடுநர் குழுக்களும் இதனினும் இழிந்த செயல் இல்லை என்று கருதுகின்றன. முறைப்படி வெளியேற விரும்புவான், இடருற்ற நிலையில் 15 நொடி காத்திருந்து வெளியேறலாம். அதுவும் நேர்மையாமோ என்று குழுக்கள் இன்றும் வாதிடுகின்றன. களத்தில் கலத்தைச் செலுத்தி ஓடுதல் தவறன்று. களத்தையே இல்லையாக்கி ஓடுதலே தவறு. பண்டை மறவன் இதனை அறியான்; அவனுக்குக் களத்தினின்று மறையும் வாயில் இல்லை. இருந்திருப்பின் தழிஞ்சித் துறை எவ்வடிவு கொண்டிருக்கும் என எண்ணிப் பார்த்தல் பயனுடைத்து.

தனித்து நின்றானைப் பலர் தாக்குதல் பற்றியும் ஒரு சொல். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் எழுவரை ஒருங்கே எதிர்த்தமை கண்ட இடைக்குன்றூர் கிழார், ஒருவனை ஒருவன் வெல்லுதலும் தோற்றலும் உலகியல்பு; ஒருவன் பலரை எதிர்த்தல் இன்றுகாறும் கேட்டிலேம் என்னும் பொருள்படப் பாடினார். அவர் வியந்தது பாண்டியனை, எழுவரையும் பழித்தாரல்லர். விளையாட்டிலும் எண்ணிக்கை மிகுதி இழிவாகக் கருதப்படுதல் அரிது. ஒருவனோடு ஒருவன் என உடன்பட்ட பின் மறைந்து நின்ற மூன்றாமவன் தலையிடுவதே பழிக்கப்படும்.

மறைந்து நின்ற மூன்றாமவன் என்றதும் தமிழறிந்தார் நெஞ்சம் கிட்கிந்தைக்குச் செல்லும். சேலம் நகர்க்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம் என்னும் ஊர் உளது. ஆங்குள்ள கோதண்டராமர் கோயில் சேலம் வட்டாரத்தார் நன்கறிந்தது. இலங்கைப் போர் முடித்து மீண்ட இராமன் இவ்வூரில் தங்கி முடிபுனை கோலம் காட்டினான் என்பது ஊரார் வழங்கும் மரபு. ஊர்ப்பெயரும் அதனோடு இயைந்தே வழங்குகின்றது. வரலாறு இதனை ஏற்குமோ என்பது வேறு. போர் முடித்த வில்லோனை வழிபடும் அவ்வூரில், அவன் போரின் நேர்மையைப் பற்றிய இரண்டு காட்சிகளை எதிரெதிர் வைத்துக் காண்டல் தகும்.

ஒன்று, கம்பர் காட்டும் முதற்போர். படையெலாம் இழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனை இராமன் கொல்லாது விடுத்து, மறுநாள் வருமாறு பணித்தான். தழிஞ்சியின் கொடுமுடி இது. மற்றொன்று வாலி வதை. சுக்கிரீவனோடு தனித்துப் பொருத வாலியை மறைந்து நின்று எய்தான் அதே இராமன். வாலி எழுப்பிய வினாக்களைக் கம்பர் சிறிதும் மழுக்கவில்லை. மறைந்து நின்று எய்தது ஏன் என்னும் இறுதி வினாவிற்கு விடை கூறியவன் இராமனும் அல்லன், இலக்குவன். முன்னின்றால் நீயும் அடைக்கலம் புகுந்துவிடுவாய் என்பது அவ்விடை. தமிழ்ப் புலவருலகம் நூற்றாண்டுகளாக இவ்விடையை எடைபோட்டும் ஒருமுடிபு எய்தியதில்லை. முடிபு எய்தாமையே நன்று. நெறி பிறழ்ந்தது தலைவனே ஆயினும் அது பேசப்பட வேண்டும் என்பதைக் கம்பர் தம் காப்பியத்தின் நடுவே நாட்டிவிட்டார். இவ்வட்டாரத் தெருக்கூத்தில் விடியவிடிய ஆடப்பெறும் பதினெட்டாம் போரும் அத்தகையதே. தேரோடு தேர், படைக்கலம் இழந்தானைத் தொடாமை எனத் தொடக்கத்திற் செய்துகொண்ட உடன்பாடுகள் ஒவ்வொன்றாக முறிந்து, இறுதியில் துரியோதனன் தொடை முறிகின்றது. காண்பார் அத்தொடைமுறிவைக் களிப்போடு மட்டும் காண்பதில்லை.

நெறி பிறழ்ந்தானை யார் ஒறுப்பது? பண்டு வேந்தன்மேல் ஒறுப்போர் இலர். இடித்துரைக்கும் சான்றோரே இருந்தனர். மலையமான் மக்களை யானைக்கால் இடச் சென்ற கிள்ளிவளவனையும், இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கொல்லப் புகுந்த நெடுங்கிள்ளியையும் கோவூர்கிழார் சொல்லால் தடுத்தார். ஆவூர்க் கோட்டையை அடைத்து உள்ளிருந்த அதே நெடுங்கிள்ளியிடம், அறவழி நிற்பையேல் கதவைத் திற, மறவழி நிற்பையேல் போர்க்கு எழு, இரண்டுமின்றி அடைத்திருத்தல் நாணுத்தகவுடைத்து என்றார். நாணுவாரிடத்தே இச்சொல் செல்லும். விளையாட்டில் ஆடுநர் புனைபெயரில் உலவுவர்; நாண் எளிதிற் பற்றாது. ஆகவே குழுக்கள் வேறு வழி கண்டன. ‘எலைட்’ விளையாட்டில் ‘மோபியஸ்’ என்னும் பெருங்குழு, தம்முள் ஒருவரை ஒருவர் தாக்காமை என்னும் ஒரே உடன்பாட்டின்மேல் எழுந்தது. அதனை மீறி உட்புகுந்து தாக்கியோரும் இருந்தனர். அவர்க்குரிய ஒறுப்பு குழுவினின்று நீக்குதலே. ஊர்விலக்கு என நம்மூரார் அறிந்த பழைய ஒறுப்பு அது. ‘ஈவ்’ விளையாட்டில் ஒருவன் முன்னர் எவ்வெக் குழுக்களில் இருந்தான் என்னும் வரலாறு யாவரும் காண நிற்கும். பெயர் புனைவாயினும், அப்பெயர் ஈட்டிய பழி அப்பெயரை விடாது.

வீழ்ந்த கலங்களின் பட்டியல்களும் அவ்வாறே பொதுவில் வெளியிடப்படுகின்றன. யார், யாரை, எப்படையால், எங்கு வீழ்த்தினார் என்பது அவற்றிற் காணப்படும். இவற்றை நடுகல்லோடு ஒப்பிட முற்படுவார்க்கு ஒன்று கூறுவோம். 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரி நிலத்திலும், செங்கம் நிலத்திலும் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிற் கண்டெடுத்த தமிழி எழுத்துடைய நடுகல்லில் ‘ஆகோள்’ என்னும் வெட்சித் துறைப்பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியர் கூறியது புலவர் கற்பனை மட்டும் அன்று என்பதற்கு அக்கல்லினும் வேறு சான்று வேண்டா. இக்கற்கள் கொன்றவனுக்கு நாட்டியவை அல்ல. நிரை காத்தோ கவர்ந்தோ பட்டவனுக்கு நாட்டியவை. விளையாட்டின் பட்டியல் வென்றவன் கணக்கு. நம் கல் வீழ்ந்தவன் கணக்கு.

தகடூர்ப் போரிலும் இவ்விரு கணக்கும் உள. அவ்வூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறைக்குப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தை அரிசில்கிழார் பாடினார். அம்மன்னனே, தன் முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரை வாளால் வெட்டாது கவரி கொண்டு வீசினவன். அதியமான் நெடுமான் அஞ்சிக்கோ, அவன் இறந்தபின், பீலி சூட்டி நாரரி தெளித்த நடுகல்லின்முன் நின்று ஔவையார் பாடினார். தகடூர் யாத்திரை என்னும் நூலுட் சில செய்யுட்களே நமக்கு எஞ்சின. ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.